தேரும் நம்மை அதே விசையோடு இழுக்கிறது என்றால், தேர் எப்படி நகர்கிறது?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 6

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். திருவாரூர் தேரோட்டம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மண்டையைக் குடைகிறது. மக்கள் தேரை இழுக்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தேரும் மக்களை அதே விசையோடு பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமம், இரண்டும் எதிரெதிர். அப்படியானால் தேர் நகரவே கூடாது. ஆனால் நகர்கிறது. கூர்ந்து பார்த்தபோது, மக்கள் இழுத்த உடனே தேர் அசையவில்லை, கொஞ்சம் கழித்துத்தான் அசைந்தது. அதனால் எனக்குத் தோன்றுவது: எதிர்விசை கொஞ்சம் தாமதமாக வருகிறது, அல்லது கொஞ்சம் குறைவாக இருக்கிறது. "சமம்" என்பது புத்தகத்தில் எழுத வசதியாகச் சொன்னது. சரியா?

ஏப்ரல் 6, இரவு

தாமதமும் இல்லை, குறைவும் இல்லை தம்பி. நீ இழுக்கிற அதே கணத்தில் எதிர்ப்பக்கம் உன்னை இழுக்கிறது. முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்ற வரிசையே கிடையாது. எதை விசை என்றும் எதை எதிர்விசை என்றும் சொல்வது நம் வசதி. மாற்றிச் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சமம், எதிரெதிர், ஆகவே ஒன்றையொன்று தீர்த்துவிடும் என்று நினைக்கிறாய். தீர்த்துவிட வேண்டுமானால் இரண்டும் ஒரே பொருளின் மேல் இருக்க வேண்டும். நீ இழுக்கும் விசை தேரின் மேல் இருக்கிறது. தேர் இழுக்கும் விசை உன் மேல் இருக்கிறது. என் கணக்கில் ஐந்நூறு ரூபாய் வரவு, உன் கணக்கில் ஐந்நூறு பற்று. கூட்டினால் சுழிதான். அதற்காக உன் கணக்கில் பணம் குறையவில்லை என்று சொல்ல முடியுமா?

தேரை மட்டும் தனியாக எடு. அதன் மேல் முன்னோக்கி ஒரு விசை: இழுப்பு. பின்னோக்கி ஒரு விசை: சாலையும் அச்சும் சக்கரத்துக்குக் கொடுக்கும் தடை. முதலாவது பெரிதாக இருந்தால் தேர் நகரும். அவ்வளவுதான். தேர் உன்னை இழுப்பது இந்தக் கணக்கில் வரவே வராது, ஏனென்றால் அது தேரின் மேல் இல்லை.

ஏப்ரல் 7, காலை

நேற்று பாதிதான் எழுதினேன். மக்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். உண்மையில் சுவையான பாதி அதுதான்.

வடம் மக்களைப் பின்னோக்கி இழுக்கிறது. அப்படியிருந்தும் மக்கள் முன்னோக்கிப் போகிறார்கள். அவர்களை முன்னே தள்ளுவது யார்? சாலை. காலால் சாலையைப் பின்பக்கமாக உதைக்கிறோம், சாலை நம்மை முன்பக்கமாகத் தள்ளுகிறது. சாலை தரும் அந்தத் தள்ளல் வடத்தின் இழுப்பைவிடப் பெரிதாக இருந்தால் நின்ற கூட்டம் முன்னே கிளம்பும்.

நான் அந்த வடத்தைப் பிடித்திருக்கிறேன். கையில் உறைப்பதைவிடக் காலில்தான் அதிகம் உறைக்கும். "ஆரூரா, தியாகேசா" என்று குரல் எழும்பி வடம் விறைத்ததும், கால் கட்டைவிரல் தார்ச் சாலையைக் கவ்வப் பார்க்கும், குதிகால் தூக்கிக்கொள்ளும், பாதத்தின் முன்பகுதித் தோல் பின்னால் இழுபடும். வெயிலுக்காகத் தண்ணீர் ஊற்றியிருந்த இடத்தில் மண் கிடந்தால் கால் சறுக்கும். சறுக்கிய அந்த நொடியில் கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் வடத்தை இழுக்க முடியாது. பலம் புஜத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். சாலை திருப்பிக் கொடுக்காவிட்டால் புஜத்துக்கு வேலையே இல்லை.

பள்ளியில் இதை நடத்தும்போது பலகையில் குதிரையையும் வண்டியையும் வரைந்துவிட்டு, தரையை ஒரு கோடாக இழுத்து முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டுக்கு விசை கொடுக்கத் தெரியும் என்பதை யாரும் சொல்வதில்லை. குதிரைக் கணக்கு புரியாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏப்ரல் 7, மதியம்

எண் கேட்டிருக்கிறார் ஒருவர். ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை சுமார் 300 டன் என்பார்கள். அதாவது 3 லட்சம் கிலோ. இழுப்பு தடையைவிட 30,000 நியூட்டன் அதிகம் என்று வைத்துக்கொண்டால், முடுக்கம் நொடிக்கு நொடி 0.1 மீட்டர். பத்து நொடி அதே மிச்சம் நீடித்தால் நொடிக்கு ஒரு மீட்டர், மெதுவாக நடக்கிற வேகம். அதற்கு மேல் விட மாட்டார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது. பின்னாலிருந்து புல்டோசரும் தள்ளும். புல்டோசருக்கும் இதே கதைதான்: தேர் அதைப் பின்னால் தள்ளுகிறது, அதன் காலடியில் இருக்கும் சாலை முன்னால் தள்ளுகிறது.

ஏப்ரல் 8

"மக்கள் தேரை இழுக்கிறார்கள், தேர் மக்களை இழுக்கிறது" என்றே இரண்டு நாளாக எழுதிவருகிறேன். பேச்சுக்கு அது போதும். ஆனால் தம்பி கவனித்த தாமதத்தைப் புரிந்துகொள்ள இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும்.

மக்கள் தேரைத் தொடுவதே இல்லை. அவர்கள் தொடுவது வடத்தை. ஆகவே விசை–எதிர்விசை இணைகள் இரண்டு. மக்கள் வடத்தை, வடம் மக்களை: இது ஒன்று. வடம் தேரை, தேர் வடத்தை: இது இன்னொன்று. மக்கள் வடத்தை இழுப்பதும் வடம் தேரை இழுப்பதும் ஓர் இணை அல்ல. அவை சமமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை.

தேர் வடம் கொடிக்கயிறு மாதிரி லேசானது இல்லை. கைக்குள் அடங்காத பருமன். தரையில் தொய்ந்து கிடக்கும். முன்னால் இருப்பவர்கள் இழுக்க ஆரம்பித்ததும் முதலில் அந்தத் தொய்வு எழும்புகிறது, முறுக்கு இறுகுகிறது, நார் நீள்கிறது. அந்த விறைப்பு வடத்தின் வழியே ஓடிப் பின்னால் போய்ச் சேருகிறது. அதற்குப் பிறகுதான் தேருக்குத் தெரியும், யாரோ இழுக்கிறார்கள் என்று. அப்புறமும் இழுப்பு நின்ற நிலையின் தடையைத் தாண்டுகிற வரைக்கும் தேர் அசையாது. நீ பார்த்த தாமதம் உண்மையான தாமதம் தம்பி. அது வடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செய்தி போகிற தாமதம். விசைக்கும் எதிர்விசைக்கும் நடுவில் வந்த தாமதம் இல்லை. முன்வரிசை ஆளின் உள்ளங்கையிலும், தேரின் கொக்கியிலும், வடத்தின் எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் அந்தந்த இடத்து இணை அந்தந்தக் கணத்தில் சமமாகவே இருக்கும்.

நியூட்டன் 1687-இல் பிரின்சிபியா என்ற நூலில் இந்த விதியை எழுதியபோதே கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரையைத்தான் எடுத்துக்காட்டாகக் கொடுத்தார். கல்லும் குதிரையை அதே அளவு பின்னால் இழுக்கிறது என்றார். முந்நூறு ஆண்டு தாண்டியும் அதே கயிற்றில்தான் தடுக்கி விழுந்துகொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 9

"கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்த அணி அதிக விசையோடு இழுத்தது என்று நடுவரே சொல்கிறாரே" என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். நடுவர் சொல்லட்டும் அண்ணே. லேசான கயிறாக இருந்தால் இரண்டு அணியும் கயிற்றை இழுக்கும் விசை கிட்டத்தட்ட சமம்தான். வெற்றியைத் தீர்மானிப்பது எந்த அணியின் கால் தரையை அதிகமாக உதைக்கிறது என்பது.

1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் கயிறு இழுத்தல் இருந்தது. 1908 லண்டனில் லிவர்பூல் போலீஸ் அணியிடம் தோற்ற அமெரிக்க அணி, அவர்கள் போட்டிருந்த கனமான பூட்ஸைக் காட்டிப் புகார் செய்தது. கையுறையைப் பற்றியோ கயிற்றைப் பற்றியோ புகார் இல்லை, பூட்ஸைப் பற்றி! இயற்பியல் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. புகார் எடுபடவில்லை, அது போலீஸ்காரர்கள் வேலைக்குப் போடும் வழக்கமான பூட்ஸ்தான் என்று தீர்ப்பாயிற்று.

ஏப்ரல் 11, காலை

இன்று எரிச்சலோடு எழுதுகிறேன். ஒரு பயிற்சி மையத்தின் விடைக்குறிப்பை மாணவி ஒருத்தி கொண்டுவந்து காட்டினாள். "மேசை மேல் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தின் எடை விசை, மேசை மேல்நோக்கித் தள்ளுவது எதிர்விசை" என்று அச்சடித்திருக்கிறார்கள். அவள் வேறு மாதிரி எழுதியிருக்கிறாள், மதிப்பெண் போய்விட்டது. அவள் எழுதியதுதான் சரி.

எடை என்பது பூமி புத்தகத்தை இழுப்பது. அதன் இணை, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுவதன் இணை, புத்தகம் மேசையை அழுத்துவது. எடையும் மேசையின் தள்ளலும் இரண்டுமே புத்தகத்தின் மேல் இருக்கின்றன. ஒரே பொருளின் மேல் இருக்கும் இரண்டு விசைகள் எக்காலத்திலும் மூன்றாம் விதி இணை ஆகாது. மேசை அசையாமல் நிற்கிறது, புத்தகமும் அசையவில்லை என்பதால் அவை சமமாக இருக்கின்றன. அது முதல் இரண்டு விதிகளின் வேலை.

நம்பாதவர்களுக்கு லிஃப்ட். 60 கிலோ ஆள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நிற்கிறார். லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கும்போது முடுக்கம் நொடிக்கு நொடி 1 மீட்டர் என்றால், பூமி அவரை இழுப்பது அதே 588 நியூட்டன். இயந்திரம் அவரைத் தாங்குவது 528 நியூட்டன்தான். முள் 54 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டும் மூன்றாம் விதி இணையாக இருந்தால் எந்த லிஃப்டிலும் இப்படிப் பிரிய முடியாது. ஆனால் அதே கணத்தில் அவர் இயந்திரத்தை அழுத்துவதும் 528தான். அந்த இணை பிரியவில்லை பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது: எந்த விசையைச் சொன்னாலும் இரண்டு பெயர் சொல். எது, எதன் மேல். இணை வேண்டுமா, அந்த இரண்டு பெயரையும் இடம் மாற்று. "பூமி புத்தகத்தை" என்றால் "புத்தகம் பூமியை". இதற்கு மேல் மூன்றாம் விதியில் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

ஏப்ரல் 11, மாலை

ஆய்வகத்தில் இரண்டு வில் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டி, ஒரு பக்கம் குட்டிப் பையன், மறுபக்கம் கபடி ஆடும் பையன் என்று இழுக்கவிட்டோம். பெரியவன் பக்கம் 20 காட்டியது, சின்னவன் பக்கம் 19. உடனே வகுப்பு முழுக்க "பெரியவன் அதிகமா இழுக்குறான் சார்" என்று கூச்சல்.

தராசுகளைக் கைமாற்றிக் கொடுக்கச் சொன்னேன். இப்போது சின்னவன் பக்கம் 20, பெரியவன் பக்கம் 19! வித்தியாசம் ஆளோடு போகவில்லை, தராசோடு போயிற்று. ஒன்றின் முள் சும்மா இருக்கும்போதே சுழியில் நிற்கவில்லை. அதை நேராக்கிவிட்டு இழுத்தால் இரண்டும் ஒரே கோட்டில். கபடிக்காரன் வெடுக்கென்று இழுத்தான், மெல்ல விட்டான், சின்னவன் சும்மா கையை நீட்டிக்கொண்டு நின்றான். எப்படிச் செய்தாலும் இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. "நான் இழுக்கவே இல்லையே, என் தராசு ஏன் காட்டுது?" என்று சின்னவன் கேட்டான். நீ பிடித்திருந்தாய் அல்லவா, பிடிப்பதும் இழுப்பதுதான். நீ விட்டுவிட்டால் அவனாலும் இழுக்க முடியாது.

தராசை ஆட்களுக்குள் மாற்றிக் கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஆசிரியர் நண்பர்களே. அது இல்லாமல் சோதனை செய்தால் பிள்ளைகள் தப்பான முடிவோடு வீட்டுக்குப் போவார்கள்.

ஏப்ரல் 12

லாரியும் ஆட்டோவும் மோதினால் அங்கேயும் இரண்டு விசையும் சமமா என்று கேட்கிறார்கள். சமம்தான். ஆமாம், நொறுங்கியது ஆட்டோ மட்டும். 10 டன் லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, நின்றிருக்கும் அரை டன் ஆட்டோவில் மோதி இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால், சேர்ந்த வேகம் 57. லாரியின் வேகம் 3 குறைந்தது, ஆட்டோவின் வேகம் 57 கூடியது. விசை ஒன்று, நிறை இருபது பங்கு வேறு, ஆகவே வேக மாற்றமும் இருபது பங்கு வேறு. உள்ளே இருக்கும் ஆளைக் கொல்வது அந்த 57. விசை சமம் என்பதைச் சேதம் சமம் என்று படிக்க வேண்டாம்.

ஏப்ரல் 14

சின்னவனின் கேள்வியிலேயே மனம் நிற்கிறது. அவன் விட்டுவிட்டால் மற்றவனால் இழுக்க முடியாது. இதை எழுதிவிட்டு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போனது நினைவுக்கு வந்தது.

ஆழம் குறைந்த கால்வாயில் படகுக்காரர் கழி ஊன்றித் தள்ளினார். கழியைச் செங்குத்தாக விடவில்லை. பின்பக்கம் சாய்த்து ஊன்றி, கையை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி ஏற்றிக்கொண்டே உடம்பை அதன் மேல் சாய்த்தார். கெட்டித் தரை அகப்பட்டபோது படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. சேறு ஆழமான இடத்தில் கழி முழங்கை அளவு உள்ளே போயிற்று, படகு நின்ற இடத்திலேயே நின்றது. "இங்கன பலம் காட்டக் கூடாதுங்க, மண்ணு வாங்காது" என்றார்.

மண் வாங்காது! சேறு திருப்பிக் கொடுக்கக்கூடிய அளவுக்கு மேல் அவரால் சேற்றை அழுத்தவே முடியாது. அவர் பலசாலிதான். ஆனால் விசை என்பது ஆளின் சட்டைப் பையில் இருக்கும் சரக்கு இல்லை. இரண்டு பொருள்களுக்கு நடுவில் உண்டாவது. காற்றில் தொங்கும் காகிதத்தை ஐம்பது கிலோ விசையோடு குத்திப் பாருங்கள், முடியாது. காகிதம் அவ்வளவு திருப்பிக் கொடுக்காது, ஆகவே நீங்களும் அவ்வளவு கொடுக்க முடியாது. சுவரைக் குத்தினால் முடியும், கையும் வீங்கும்.

தம்பி, "எதிர்விசை கொஞ்சம் குறைவாக இருக்கலாமே" என்ற உன் இரண்டாவது கணிப்புக்குப் பதில் இதுதான். எதிர்விசை குறைந்தால் விசையும் கூடவே குறைந்திருக்கும். தனியாக ஒன்று குறைய வழியில்லை.

அதே பயணத்தில் இறங்கும்போது ஒருவர் படகிலிருந்து கரைக்குத் தாவினார், படகு பின்னால் நழுவியது, அவர் ஒரு கால் தண்ணீரில். 60 கிலோ ஆள், 120 கிலோ படகு என்று வைத்தால், அவர் நொடிக்கு ஒரு மீட்டர் முன்னே போகப் படகு அரை மீட்டர் பின்னே போகும். அதனால்தான் கயிற்றைக் கட்டைக்குச் சுற்றிவிட்டு இறங்கச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 15

"எதிரில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாத வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளுகிறது?" நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள், நல்ல கேள்வி. சேற்றுக்குச் சொன்னதை அப்படியே காற்றுக்கு நீட்டினால் இந்தச் சந்தேகம் வரும்.

இதே சந்தேகத்தை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1920 ஜனவரி 13-இல் தலையங்கப் பக்கத்தில் எழுதியது. வெற்றிடத்தில் ராக்கெட் பறக்கும் என்று சொன்ன அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கோடார்டுக்குப் பள்ளிக்கூடப் பாடம்கூடத் தெரியவில்லை என்கிற தொனியில். கோடார்டு வெற்றிடக் கலத்துக்குள் சிறு ராக்கெட்டுகளை எரித்து, உந்துவிசை அங்கே காற்றில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது என்று ஏற்கெனவே அளந்திருந்தார். 1926 மார்ச் 16-இல் மாசசூசெட்ஸின் ஆபர்ன் ஊரில் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டையும் பறக்கவிட்டார். அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17, அந்த நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. கோடார்டு 1945-லேயே இறந்துவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ராக்கெட் தள்ளுவது வெளியே இருக்கும் காற்றை இல்லை. தன் வயிற்றில் இருந்த எரிபொருளை. எது, எதன் மேல்? ராக்கெட் வாயுவைக் கீழே, வாயு ராக்கெட்டை மேலே. வெளிக்காற்று இதில் பங்காளியே இல்லை, இருந்தால் இடைஞ்சல்தான்.

நம் ஆட்கள் காட்டியதும் இதுவே. சந்திரயான் 3-இன் விக்ரம் 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கியது. காற்றே இல்லாத இடம், பாராசூட்டுக்கு வேலை இல்லை. கீழ்நோக்கி வாயுவைப் பீச்சித்தான் வேகத்தைக் குறைத்தது. செப்டம்பர் 3-இல் எஞ்சினை மறுபடி எரித்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் எழும்பி, சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. ஒரு முழம்கூட இல்லை என்று சிலர் அலட்சியமாகச் சொன்னார்கள். எனக்கு அந்த 40 சென்டிமீட்டரைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

தீயணைப்பு வீரர்கள் குழாயை இரண்டு பேராகப் பிடிப்பதும் இதே கணக்கு. நொடிக்கு 8 லிட்டர் தண்ணீர், 30 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் 240 நியூட்டன் பின்னோக்கித் தள்ளும். ஒரு சிப்பத்தைத் தாங்குவது போல விடாமல் தாங்க வேண்டும்.

ஏப்ரல் 18

சமையலறையில் செய்யக்கூடியது ஒன்று. எண் காட்டும் தராசின் மேல் பாத்திரத்தில் தண்ணீர். இஞ்சி தட்டுகிற கருங்கல்லை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக இறக்குங்கள். அடியில் படக்கூடாது, பக்கத்திலும் படக்கூடாது. கல்லைத் தாங்குவது உங்கள் கை. தராசு கூடுமா?

என் தங்கை கூடாது என்றாள். என் அம்மா கூடும் என்றார். கல் 540 கிராம். இறக்கியதும் தராசு 200 கூடியது. நூலைப் பிடித்த வில் தராசு 340-க்கு இறங்கியது. கூட்டிப் பாருங்கள்.

தண்ணீர் கல்லை 200 கிராம் எடை அளவுக்கு மேலே தள்ளுகிறது, அது எல்லாருக்கும் தெரிந்த மிதப்பு விசை. அப்படியானால் கல் தண்ணீரை அதே அளவு கீழே தள்ளியாக வேண்டும், தண்ணீர் பாத்திரத்தை, பாத்திரம் தராசை. நூலை இன்னும் தளர்த்திக் கல்லை அடியில் உட்காரவிட்டால் முழு 540-உம் தராசுக்கு வந்துவிடும். வெறும் விரலை விட்டாலும் தராசு கூடும். தண்ணீர் விரலை மேலே தள்ளுவதை நம் விரல் உணர்வதில்லை, தராசு உணர்கிறது.

அம்மாவிடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீ தண்ணியில கைய வுட்டா குடம் கனக்கும்ல?" என்றார்.

ஏப்ரல் 19

"மாங்காய் பூமியை இழுக்கிறது என்பது சும்மா ஒப்புக்குச் சொல்வதுதானே, பூமி அசையவா போகிறது?"

அசைகிறது. 200 கிராம் மாங்காய் பூமியை 2 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. பூமியின் நிறை 6-க்குப் பின் 24 சுழி கிலோ. முடுக்கம் வருவதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது, அவ்வளவு சிறிது. ஆனால் மாங்காய்க்குப் பதில் நிலவை வையுங்கள். நிலவும் பூமியும் ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. அது பூமியின் நடுவிலிருந்து சுமார் 4,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமிக்கு உள்ளேதான், ஆனால் நடுவில் இல்லை. மாதம் ஒரு முறை பூமி அந்தப் புள்ளியைச் சுற்றித் தள்ளாடுகிறது. வியாழன் சூரியனை இழுப்பதால் சூரியனே நொடிக்கு 12 மீட்டருக்குச் சற்று மேல் ஆடுகிறது.

இதை ஒப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாத இருவர் 1995-இல் 51 பெகாசி என்ற விண்மீனின் ஆட்டத்தை அளந்தார்கள்: மிஷல் மேயோர், டிடியே கெலோ. விண்மீன் நொடிக்கு ஐம்பது மீட்டருக்கும் மேலான வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது, நாலே கால் நாளுக்கு ஒரு சுற்று. கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று அதை இழுக்கிறது. சூரியன் போன்ற விண்மீனைச் சுற்றும் வேற்றுக் கிரகம் முதன்முதலில் இப்படித்தான் அகப்பட்டது. 2019-இல் நோபல் பரிசில் பங்கு. கிரகம் விண்மீனைத் திருப்பி இழுக்கிறது என்ற ஒரே ஒரு விஷயத்தை நம்பி ஒரு துறையே எழுந்திருக்கிறது.

ஏப்ரல் 20

முதல் குறிப்பில் "வரிசையே கிடையாது" என்று எழுதியதற்கு ஓர் அடிக்குறிப்பு. ஒரு பொறியியல் மாணவர் கேட்டது நியாயம்: சூரிய ஒளி வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்போது, அவ்வளவு தூரத்தில் இரண்டு பொருள்கள் எப்படி ஒரே கணத்தில் ஒன்றையொன்று உணரும்?

தொட்டுக்கொள்ளும் பொருள்களுக்கு நான் எழுதியது அப்படியே நிற்கும். தொலைவில் இருந்துகொண்டு வேகமாக அசையும் மின்னூட்டங்களுக்கு மூன்றாம் விதியை அந்த வடிவில் பிடித்துத் தொங்க முடியாது. நடுவில் இருக்கும் மின்காந்தப் புலமும் உந்தத்தை (பொருளுக்கென்றால் நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு) சுமக்கிறது, அதையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். ஈர்ப்பில் நேரும் மாற்றமும் ஒளியின் வேகத்தில்தான் பரவுகிறது. 2017-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் ஈர்ப்பலையும் காமாக் கதிரும் சுமார் 13 கோடி ஆண்டு பயணத்துக்குப் பிறகு இரண்டு நொடிக்கும் குறைவான இடைவெளியில் வந்து சேர்ந்தன. அடியில் கிடப்பது உந்தம் அழியாது என்பதுதான். தேருக்கும் படகுக்கும் இந்த நுணுக்கம் தேவைப்படாது.

ஏப்ரல் 23

தம்பி, நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மக்கள்–வடம், வடம்–தேர், கால்–சாலை, மூன்றும் சரி. சக்கரம்–சாலை விட்டுப்போயிற்று. சாலை சக்கரத்தைப் பின்னே இழுக்கிறது, சக்கரம் சாலையை முன்னே இழுக்கிறது. அதையும் எழுதிக்கொண்டால் ஆளும் தேரும் முன்னே பெறும் உந்தம் அத்தனையும் பூமிக்குப் பின்னே போய்ச் சேர்ந்திருப்பதை நீயே கூட்டிப் பார்க்கலாம்.

உன் புதுக் கேள்வி: காந்தம் ஆணியை இழுக்கிறது, சரி, ஆணியுமா காந்தத்தை இழுக்கிறது? இதை நியூட்டனே செய்து பார்த்திருக்கிறார். காந்தக் கல்லையும் இரும்பையும் தனித்தனிக் கலங்களில் வைத்து அசையாத தண்ணீரில் மிதக்கவிட்டார். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகாமல் கடைசியில் சமநிலையில் நின்றன என்று பிரின்சிபியாவில் எழுதிவைத்திருக்கிறார்.

நான் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் செய்தேன். ஒரு டப்பா மூடியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத் துண்டு, இன்னொன்றில் நாலைந்து ஆணி. காந்தம் வைத்த மூடி முதலில் மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நின்றது, ஆனால் வடக்கு நோக்கி நகரவில்லை. ஆணி மூடியை ஒரு சாண் தூரத்தில் விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டும் கிளம்பின, லேசான ஆணி மூடி வேகமாக, காந்த மூடி மெதுவாக. டக்கென்று ஒட்டிக்கொண்டு லேசாகச் சுழன்று நின்றுவிட்டன. காந்த மூடியை விரலால் பிடித்துக்கொண்டால் ஆணி வந்தது. ஆணி மூடியைப் பிடித்துக்கொண்டால் காந்தம் வந்தது.

ஒட்டிக்கொண்டு நின்றதுதான் முக்கியம். காந்தத்தின் இழுப்பு ஆணியின் இழுப்பைவிட ஒரு துளி அதிகமாக இருந்தால்கூட, ஒட்டிய ஜோடி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், எரிபொருளே இல்லாமல்.

செய்யும்போது மூடிகளைத் தொட்டியின் நடுவில் விடு, ஓரத்துக்குப் பக்கத்தில் விட்டால் தண்ணீரின் பரப்பு இழுவிசையே அவற்றை ஓரத்தில் ஒட்டவைத்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிடு. மொபைலைத் தள்ளி வை, அதிலும் காந்தம் இருக்கிறது.